சயாம் காட்டுக் குடில்கள்

காட்டு வழியே நடப்பவன் பொழுது சாயுமுன் தேடுவது ஒரு கூரையை. பசியைச் சற்றே பொறுக்கலாம். நீர் வேட்கையைச் சிறிது தாங்கலாம். இருளையும் மழையையும் விலங்கையும் ஒருங்கே எதிர்கொள்ளத் தனி மனிதனால் இயலாது. ஆகவேதான், காட்டிடையே அமைந்த சிறு குடிலும் பண்டைத் தமிழர் பாட்டில் இடம்பெற்றது. பெரும்பாணாற்றுப்படை எயினர் வாழ்ந்த குரம்பைகளைக் காட்டுகிறது. ஈந்தின் இலையால் வேயப்பட்டு, முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றிய அக்குடில்களில் வழிவந்த பாணர்க்கு உணவும் தங்கும் இடமும் கிடைத்தன. வறியவர் குடிலாயினும் வந்தவனுக்கு அங்கே ஓர் இரவு உறுதியாக இருந்தது. வழிப்போக்கனுக்குக் கூரை தருதல் அறம் என்ற எண்ணமே பிற்காலத்தில் அம்பலமாகவும் மடமாகவும் சத்திரமாகவும் வளர்ந்தது.

அந்த அறம் முற்றிலும் தலைகீழான ஒரு காலமும் தமிழர் வரலாற்றில் உண்டு. 1942 முதல் 1945 வரை, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் சயாம் நாட்டுக் காடுகளில் மூங்கிலும் ஓலையும் கொண்டு எழுப்பிய குடில்களில் தங்கினர். பலர்க்கு அவையே இறுதி இருப்பிடமாயின. சயாம் மரண இரயில் பாதையைப் பற்றிப் பேசுவோர் பாலத்தையும் தண்டவாளத்தையும் மலைப்பாறையைப் பிளந்த வெட்டையும் விரித்துரைப்பர். தொழிலாளர் பகலில் உழைத்த இடங்கள் அவை. அவர்கள் இரவில் எங்கே கிடந்தனர், எவ்வாறு கிடந்தனர் என்று ஆராய்ந்தால், அவ்வளவு பேர் ஏன் மாண்டனர் என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கும்.

லயத்து வாழ்க்கை

கெடா மாநிலத்தின் தென்பகுதி இரப்பர்த் தோட்டங்களின் நிலம். சுங்கைப்பட்டாணி, சிடாம் கிரி, பீடோங், குரூண், கூலிம், பாடாங் செராய் என்று ஊர்ப்பெயர்களை அடுக்கினாலே, பால்மரக் காடுகளும் அவற்றினிடையே வரிசையாக நின்ற லயங்களும் மூத்தோர் மனக்கண்முன் தோன்றும். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இந்த லயங்களில் குடியேறினர்.

லயம் இன்ப வாழ்வு தந்த இடமன்று. ஓர் அறையில் ஒரு குடும்பம் என்ற அளவில் நெருக்கமாக அமைந்த நெடுங்கொட்டகை அது. ஆயினும் அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. கூரை இருந்தது, கிணறோ குழாயோ இருந்தது, காய்ச்சல் கண்டால் மருந்து தரத் தோட்டத்து டிரஸ்ஸர் இருந்தார். விடியுமுன் பிரட்டுக்கு நின்றால் கிராணி பெயர் சொல்லி அழைப்பார். ஊதியம் வழங்குவதற்காக எழுதப்பட்ட பேரேடுதான் எனினும், யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதை நாள்தோறும் காட்டிய ஏடு அது. ஒருவர் இல்லையென்றால் இல்லை என்பது தெரியும். மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் இவற்றுட் சிலவற்றையேனும் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியிருந்தன. இந்த எளிய ஏற்பாடுகளின் மதிப்பு அவை இல்லாமற்போன இடத்தில்தான் விளங்கிற்று.

போர் வந்தது

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதே நாளில் சயாமின் தென்கடற்கரையில் இறங்கிய படை எல்லை கடந்து கெடாவுக்குள் புகுந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷார் அமைத்திருந்த காவல் டிசம்பர் 12இல் உடைந்தது. சில நாள்களுக்குள் கெடா முழுவதும் ஜப்பானியர் கைக்கு வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

தோட்டத் துரைமார்கள் ஓடினர், சிலர் சிறைப்பட்டனர். இரப்பர் வாங்கிய மேலைநாட்டுச் சந்தைகள் மூடப்பட்டன. பால் வெட்டும் வேலை நின்றது, கூலி நின்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்து, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. வேலையுமின்றி உணவுமின்றி லயத்தில் முடங்கிக் கிடந்த மக்கள்தாம், பின்னர் வந்த அழைப்புக்கு எளிதில் இரையாயினர்.

பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்குக் கடல் வழியே பொருள் அனுப்புவது இடர் நிறைந்ததாக இருந்தது. மலாக்கா நீரிணையைக் கடந்து இரங்கூன் செல்லும் கப்பல்களை நேசநாட்டு நீர்மூழ்கிகள் தாக்கின. ஆகவே, சயாமின் நொங் பிலாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை ஒன்றைக் காட்டின் ஊடே அமைக்க ஜப்பானியர் முடிவு செய்தனர். 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரு முனைகளிலும் ஆயத்தங்கள் தொடங்கின. தண்டவாளங்கள் பலவற்றை மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தும் மலாக்காக் கிளைப்பாதையிலிருந்தும் பெயர்த்தெடுத்துச் சென்றனர். மலாயாவின் இரும்பும் மலாயாவின் மக்களும் ஒரே திசை நோக்கிப் பயணப்பட்டனர்.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

இப்பணியில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து ஆகிய நாடுகளின் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டனர். அமெரிக்கர் சிலரும் இருந்தனர். அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர், சயாமியர் எனப் பல இனத்தவரும் அதில் அடங்குவர். அவர்களை ஜப்பானியர் ரோமுஷா என்றனர். அவர்கள் தொகை இரண்டு இலட்சத்தை ஒட்டியது என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர்.

முதலில் ஆசை காட்டினர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று அறிவித்தனர். வேலையற்றிருந்தோர் சிலர் நம்பிப் பெயர் கொடுத்தனர். மனைவி மக்களுடன் சென்றோரும் உண்டு. மூன்று மாதம் கழிந்தும் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. அதன்பின் மனமுவந்து வருவோர் அருகினர். 1943ஆம் ஆண்டில் பாதைவேலையை விரைவுபடுத்த ஆணை வந்தபோது, தோட்டத்துக்கு இவ்வளவு பேர் என்று கணக்கு விதித்தனர். இலவசத் திரைப்படம் என்று கூட்டிக் கதவடைத்துப் பிடித்ததையும், சாலையில் நடந்தவர்களை லாரியில் ஏற்றியதையும் மூத்தோர் பலர் கூறிச் சென்றுள்ளனர். சயாமுக்குப் போவதிலிருந்து தப்புவதற்காகவே காட்டோரம் ஒளிந்தவர்களும், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

பயணம் மூடிய சரக்கு வண்டியில் நடந்தது. இரும்புச் சுவர் பகலில் கொதித்தது, இரவில் குளிர்ந்தது. காலை நீட்டவும் இடமில்லாத நெருக்கத்தில் எல்லை கடந்து, ஹாட்யாய் வழியே வடக்கே சென்று பான்போங்கில் இறக்கப்பட்டனர். காட்டுக் குடில் என்பதன் முதற்பாடம் அங்கேதான் தொடங்கிற்று. பான்போங் இடைத்தங்கல் முகாமின் நெடுங்குடில்கள் தாழ்நிலத்தில் அமைந்திருந்தன. மழைக்காலத்தில் சாக்கடை நீரும் கழிவும் ஒன்றாய்ப் பெருகிப் பரணின் அடியில் தேங்கி நின்றன. முன்னே தங்கிச் சென்ற கூட்டத்தின் நோய் பின்னே வந்து தங்கிய கூட்டத்துக்கு அங்கேயே கைமாறியது.

நடைவழி இரவுகள்

பான்போங்கிலிருந்து மேற்காட்டு முகாம்களுக்குப் பலர் நடந்தே சென்றனர். குவாய் நொய் ஆற்றின் கரையை ஒட்டிய அவ்வழி, மூன்று பகோடாக் கணவாய் வரை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் நீண்டது. 1943 ஏப்ரல், மே மாதங்களில் போர்க்கைதிகளின் பெருங்கூட்டம் ஒன்று இவ்வழியே இரவு இரவாக நடத்திச் செல்லப்பட்டது. அதே வழியில் தமிழ்த் தொழிலாளரும் நடந்தனர். பருவமழை அவ்வாண்டு முன்னதாகவே தொடங்கிச் சேறு முழங்கால் அளவு நின்றது.

வழிநெடுக இடைத்தங்கல் முகாம்கள் இருந்தன. முகாம் என்னும் பெயர்தான் பெரிது. சில இடங்களில் ஓலைக்குடில்கள். சில இடங்களில் மரத்தடியே முகாம். ஒரு கூட்டம் ஓரிரவு தங்கிச் செல்லும். மறுநாள் அதே தரையில் அடுத்த கூட்டம் வந்து படுக்கும். வருவோரும் போவோரும் நாள்தோறும் மாறியதால் எந்தக் குடிலையும் எவரும் தமதென்று பேணவில்லை. கழிப்பிடம் தோண்டுவாரில்லை, குடிநீரைக் காய்ச்சுவாரில்லை. பழந்தமிழ் மரபில் வழிப்போக்கன் தங்கிய அம்பலத்தை ஊரார் மெழுகிக் காத்தனர். இங்கோ தங்கும் இடமே நோயின் ஊற்றாயிற்று. 1943 மே மாதத்தை ஒட்டி நீக்கேப் பகுதியில் தோன்றிய காலரா, இந்த நடைவழியைப் பற்றிக்கொண்டே முகாம் முகாமாகப் பரவியது.

குடிலின் அமைப்பு

சயாம் காட்டுக் குடிலின் கட்டுமானம் ஓர் ஆணியும் இல்லாதது. பருத்த மூங்கிலை மண்ணில் நட்டுத் தூணாக்கினர். மெல்லிய மூங்கிலைக் குறுக்கே வைத்துப் பிரம்பாலும் மரநாராலும் கட்டினர். கூரைக்கு அத்தாப்பு. பக்கச் சுவர் பெரும்பாலும் இல்லை; இருந்தாலும் இடுப்பளவுத் தட்டிதான். நடுவே ஒரு மண்வழி. அதன் இருபுறமும் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மூங்கிலைப் பிளந்து பரப்பிய பரண். அதுவே படுக்கை, அதுவே இருக்கை, அதுவே நோயாளியின் கட்டில். குடிலின் நீளம் ஐம்பது மீட்டருக்கு மேலும் போகும். ஒருவருக்குக் கிடைத்த இடம் இரண்டரை அடி அகலம். நெருக்கம் மிகுந்தபோது அதுவும் இல்லை. அண்டையில் படுத்தவன் திரும்பினால்தான் இவனும் திரும்ப முடியும்.

மூங்கில் கட்டுவதற்கு எளிது; தங்குவதற்குத் தொல்லை மிகுந்தது. பிளந்த மூங்கிலின் கணுக்கள் எலும்பில் உறுத்தின. அதன் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி குடிபுகுந்தது. உடைகளில் சீலைப்பேன் பெருகியது. மூங்கில் முள் கீறிய சிறு காயமும், சத்துக்குறைந்த உடலில் நாளடைவில் எலும்பு தெரியும் புண்ணாய் விரிந்தது. மண்வழி மழைக்காலத்தில் ஓடையாயிற்று. இருளில் எழுந்து புறம் செல்ல இயலாத சீதபேதி நோயாளிகள் படுத்த இடத்தையே அசுத்தமாக்க நேர்ந்தது.

கூரையும் எங்கும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. தாழ்நிலத்திலிருந்து ஓலை படகேறி ஆற்றுவழியே வரவேண்டும். வெள்ளம் பெருகிய மாதங்களில் உணவுப் படகே மேலே வருவது அரிதாயிருக்க, ஓலைக்கு இடமேது? மேற்காட்டு முகாம்கள் சிலவற்றில் போர்க்கைதிகள் போய்ச் சேர்ந்தபோது குடில்களுக்குச் சட்டம் மட்டுமே நின்றது, கூரை வேயப்பட்டிருக்கவில்லை. சயாம் முனையிலிருந்தும் பர்மா முனையிலிருந்தும் தொலைவான நடுப்பகுதியே பொருள் குறைந்த பகுதி; சாவு மிகுந்த பகுதியும் அதுவே.

ஓலை வேய்தலும் மூங்கில் கட்டுதலும் நாட்டுப்புறத்தில் பிறந்த தமிழர்க்குத் தெரியாத தொழில்கள் அல்ல. ஆனால், விடியுமுன் வேலைக்கு ஓட்டப்பட்டு இருட்டிய பின் திரும்பியவர்களுக்குத் தாம் படுக்கும் கூரையைச் செப்பனிட ஒரு மணிநேரமும் வழங்கப்படவில்லை. 1943 பிப்ரவரி முதல் பாதை முடியும் வரை, வேலையைத் துரிதப்படுத்தும் கட்டளைக்கு முன் மற்ற யாவும் பின்தள்ளப்பட்டன.

அருகருகே இரு முகாம்கள்

ஈண்டு ஓர் ஒப்பீடு இன்றியமையாதது. போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளரும் ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே வகை மூங்கிற் குடிலில் தங்கினர். இரு சாராரும் பட்டினியும் அடியும் பெற்றனர். போர்க்கைதிகளுள் மாண்டவர் ஏறத்தாழ 12,500 பேர்; அதாவது ஐவரில் ஒருவர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் தொண்ணூறாயிரம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. ஏறக்குறைய இருவரில் ஒருவர். காடு ஒன்றாயிருக்கச் சாவு மட்டும் இருமடங்குக்கு மேலானதற்குக் காரணம் என்ன?

போர்க்கைதிகள் படையமைப்போடு வந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தனர். அவர்களுள் மருத்துவர்களும் இருந்தனர். கழிப்பிடம் தொலைவில் ஆழமாக வெட்டப்பட வேண்டும், கொதிக்காத நீரைக் குடிக்கலாகாது, உண்ணுமுன் தட்டைக் கொதிநீரில் அலச வேண்டும் என்ற விதிகளைத் தம்முள் கட்டாயமாக்கினர். நோயாளிகளுக்கென்று தனிக் குடில் ஒதுக்கினர். மூங்கிலையும் கிடைத்த குழாய்களையும் கொண்டே மருத்துவக் கருவிகள் செய்தனர். எட்வர்டு டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் கோன்யு, ஹின்டோக் முகாம்களில் இவ்வாறு உயிர்காத்த பணி உலகறிந்தது.

தமிழ்த் தொழிலாளர் முகாமிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து அள்ளி வரப்பட்டவர்கள் வழியிலேயே பிரிக்கப்பட்டனர். அறிமுகமற்றோர் ஒரு பரணில் கலந்தனர். தலைமை தாங்குவாரில்லை, மருத்துவர் மிகச் சிலர். ஆற்றுநீரையும் குட்டைநீரையும் அப்படியே அருந்தினர். போர்க்கைதிகளுள் மருத்துவரும் உதவியாளரும் அடங்கிய இரண்டு குழுக்களை 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். காலரா முற்றிப் பரவிய பின் வந்த அச்சிறு குழுக்களால் செய்ய முடிந்தது சிறிதே.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. அம்மக்களைக் கொன்றது காடு என்று கூறுவது வரலாற்றுப் பிழை. எயினரும் காட்டில்தான் வாழ்ந்தனர். மலாயாவின் காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களும் இதே தமிழர்தாம். காய்ச்சிய நீரும் ஒழுகாத கூரையும் தோண்டிய கழிப்பிடமும் இன்மையே அவர்களைக் கொன்றது. இவற்றைத் தரவேண்டிய கடமை அவர்களை அங்கே கொண்டுசென்றவர்களுடையது. அக்கடமையை ஆணையிட்டோர் செய்யவில்லை.

காலராக் குடில்

முகாமின் ஓரத்தில், மற்றக் குடில்களுக்கு அப்பால், காலராக் குடில் இருக்கும். காலையில் வேலைக்குச் சென்றவன் மாலையில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டு, உடல்நீர் வற்றிக் கண் குழிந்து, மறுநாள் அக்குடிலில் பிணமாய்க் கிடப்பான். உப்புநீர் ஏற்றினால் பிழைக்கும் நோய்தான் அது. போர்க்கைதி மருத்துவர்கள் காய்ச்சிய நீரில் உப்பைக் கரைத்து மூங்கில் ஊசியால் நரம்பில் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தனர். தொழிலாளர் முகாமின் காலராக் குடிலில் நீர் தருவதற்கும் ஆளில்லை. தொற்றுக்கு அஞ்சி எவரும் நெருங்குவதில்லை. கணவன் கிடக்க மனைவி அருகமர்ந்து, பின் அவளும் அங்கேயே மாண்டதுண்டு. இறந்தோரை மூங்கிலடுக்கித் தீ மூட்டினர். மழையில் தீ எரியாதபோது ஒரே குழியில் பலரை இட்டனர். உயிர் பிரியாதவர் இருந்தபோதே குடிலுக்குத் தீ வைத்த கொடுமையும் தப்பி வந்தோர் வாய்மொழியில் உண்டு.

அந்தச் சூழலிலும் மனிதத்தன்மை முற்றாக மறையவில்லை. தாயற்ற குழந்தையைத் தன் பிள்ளையோடு வைத்துக் காத்தவர்களும், தம் பங்குச் சோற்றை நோயாளிக்கு ஊட்டியவர்களும் அக்குடில்களில் இருந்தனர். அங்கே பிறந்த புதிய உறவுகளைத் திரும்பி வந்தோர் வாழ்நாள் முழுதும் போற்றினர். எந்தத் தோட்டம் என்ற வினாவே அங்கே உறவுக்கு முதற்படியாயிருந்தது.

கூரை அழிந்தபின்

1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கோயிட்டாவில் இணைந்தன. அதே அக்டோபர்த் திங்களில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் ஆட்சி ஜப்பானியரால் சயாமுக்கு மாற்றித் தரப்பட்டது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து நீங்கிய கெடா மீண்டும் சயாமின் கீழ் வந்தது. கெடாத் தோட்டத்தார் ஒரு பகுதியினர் சயாம் காட்டில் கிடக்க, எஞ்சியோர் இருந்த ஊரே சயாமாயிற்று.

பாதை முடிந்ததும் அனைவரும் வீடு திரும்பவில்லை. விறகு வெட்டவும் பாதையைச் செப்பனிடவும் குண்டுவீச்சில் உடைந்த பாலங்களைச் சீராக்கவும் பலர் நிறுத்தி வைக்கப்பட்டனர். 1945 ஆகஸ்டில் போர் ஓய்ந்த பின்னரே, எஞ்சியோர் சிறிது சிறிதாக மலாயா திரும்பலாயினர். தோட்டத்தில் இறங்கியவரைக் கண்டு, சென்றவர்களின் உற்றார் ஓடி வந்து தம்மவர் பெயரைச் சொல்லிக் கேட்டனர். விடை கூற முடிந்தது சிலவற்றிற்கே. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டால், மலாயாவில் மற்ற இனத்தார் தொகை பெருகியிருக்க இந்தியர் தொகை குறைந்திருப்பதைக் காணலாம். அக்குறைவுக்குக் காரணங்கள் பல; சயாம் காடு அவற்றுள் ஒன்று.

போர்க்கைதிகளின் எலும்புகள் தேடி எடுக்கப்பட்டுக் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய இடங்களின் போர்க்கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள்; பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, வயதும் உண்டு. ஆசியத் தொழிலாளர்க்கு அவ்வாறு தனித்தனிக் கல்லறை இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் கரும்பு வயலொன்றில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் வெளிப்பட்டபோது உலகம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது.

ஏட்டின் நிலையும் அதுவே. போர்க்கைதிகளுள் எழுத்தறிந்தோர் பலர். மறைவாக நாட்குறிப்பு எழுதினர். ஜாக் சாக்கர், ரொனால்டு சேர்ல் போன்ற ஓவியர்கள் கிடைத்த தாள் துண்டில் குடிலையும் பரணையும் நோயாளியையும் வரைந்து ஒளித்து வைத்தனர். அவர்களின் குடில்களை இன்று நாம் படத்தில் காண்கிறோம். தமிழர் குடிலை வரைந்தவரும் எழுதியவரும் அரியர். பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் எழுதிய நாவல் 1957இல் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. இலங்கைக் காட்டில் எடுக்கப்பட்ட அப்படத்தில் வெள்ளையர் துயரம் உண்டு. தோட்டத் தமிழன் துயரத்துக்கு இடமில்லை. அக்குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலையும் எழுதி அம்மக்களுக்கு இலக்கியத்தில் ஓர் இடம் தேடித் தந்தனர். அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியில் தமிழருக்கென ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டுள்ளது.

இன்றைய காடு

போருக்குப்பின் பாதையின் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டது. நொங் பிலாடுக்கிலிருந்து நாம்தொக் வரையுள்ள ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் மட்டுமே இரயில் ஓடுகிறது. கோன்யு மலைவெட்டில் ஆஸ்திரேலிய அரசு 1998இல் ஒரு நினைவகம் திறந்தது. மேற்காட்டின் நிலை வேறு. 1984இல் காவ் லேம் அணை கட்டி முடிக்கப்பட்டபோது, மலையிடைப் பள்ளத்தாக்கு ஏரியாயிற்று. பாதையின் மேற்பகுதியும், நீக்கேயைச் சூழ்ந்த முகாம் தரைகளும் நீருள் மறைந்தன. மூங்கிற் குடில் ஓரிரு மழைக்காலத்தில் மக்கிப்போகும் இயல்பினது; அது நின்ற தரையும் இப்போது கண்ணுக்கில்லை.

குவாய் நொய் ஆற்றில் இன்று மிதவை விடுதிகள் உள்ளன. அயல்நாட்டுப் பயணிகள் மூங்கில் அறையில் ஓரிரவு தங்கிக் காட்டின் அமைதியை நுகர்ந்து செல்கின்றனர். அதில் குற்றமில்லை, காடு மனிதனுக்கு அமைதி தருவதும் உண்மையே. ஆனால், அதே ஆற்றங்கரையில், அதே மூங்கிலின்மேல், உறக்கமின்றி எத்தனையோ ஆயிரம் தமிழர் விடியலைக் காத்துக் கிடந்தனர் என்பதை அங்கே செல்லும் தமிழராவது அறிந்திருக்க வேண்டும்.

வரலாறு மன்னர் வரிசையும் போர் நாள்களும் மட்டுமன்று என்று வகுப்பறையில் கூறுகிறோம். அதனை மெய்ப்பிக்கச் சயாம் காட்டுக் குடிலைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. லயத்தின் பேரேட்டில் கூலிக்காகவாவது ஒரு பெயர் எழுதப்பட்டது. சயாம் குடிலிலோ தலை மட்டுமே எண்ணப்பட்டது. பெயரின்றி எண்ணப்பட்டவர்களை மீண்டும் பெயருடையவர்களாக்குவதே அவர்களுக்குச் செய்யத்தக்க கடன். சயாம் சென்று மீண்டோரில் அநேகமாக எவரும் இன்று இல்லை. அவர்கள் கூறக் கேட்ட பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். கெடாவின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி மாணவனும் தன் பாட்டன் பாட்டியரிடம், நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா என்ற மூன்று வினாக்களைக் கேட்டு விடையை ஒரு தாளில் எழுதட்டும். ஆசிரியர் அத்தாள்களைத் திரட்டிப் பள்ளி நூலகத்தில் கட்டி வைக்கட்டும். ஊர்தோறும் அத்தகைய ஓர் ஏடு உருவானால், பாடநூலில் ஓரிரு வரியாக நிற்கும் நிகழ்ச்சிக்குத் தோட்டப் பெயரும் ஆட்பெயரும் சேரும். அப்பணியைத் தொடங்க ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.